முழங்கால் வலிக்கு மின்தூண்டல் சிகிச்சை: எதைச் செய்யும், எதைச் செய்யாது

மரக்காணம் வட்டாரத்து உப்பளங்களில் தை பிறந்ததும் வேலை சூடுபிடிக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் உப்பு நன்கு விளைகிறது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் அளங்கள் ஓய்கின்றன. பாத்தியின் தரையை மிதித்துக் கெட்டிப்படுத்துதல், குனிந்து நின்று உப்பு வாருதல், ஈரம் வடியாத உப்பைத் தலைச்சுமையாகக் கரைமேட்டில் ஏற்றி அம்பாரமாகக் குவித்தல் ஆகிய மூன்றுமே முழங்காலை வருத்தும் வேலைகள். ஆகவே, நாற்பது வயதைக் கடந்த உப்பளத் தொழிலாளர் பலர், குறிப்பாகப் பெண்கள், முழங்கால் வலியோடு மருத்துவமனைக்கு வருவதில் வியப்பில்லை.

அவ்வாறு வருவோரும் அவர்தம் குடும்பத்தாரும் அடிக்கடி எழுப்பும் கேள்வி, ‘கரண்ட் வைத்தால் வலி போய்விடுமா? அந்தக் கருவியை வீட்டுக்கே வாங்கிவிடலாமா?’ என்பதாகும். பேச்சு வழக்கில் ‘கரண்ட் வைத்தல்’ எனப்படுவது ஒரே சிகிச்சை அன்று. இயன்முறை சிகிச்சைப் பிரிவில் பயன்படும் பெரிய மின்கருவிகளும், ஒலியலையால் இயங்கும் கருவியும் இப்பெயராலேயே குறிக்கப்படுகின்றன. இக்கட்டுரை, மின்கலத்தால் இயங்குவதும் கையடக்கமானதும் வீட்டில் பயன்படுத்தத் தக்கதுமான ‘டென்ஸ்’ என்னும் கருவியைப் பற்றியது. தோலின் வழியாக நரம்புகளை மெல்லிய மின்துடிப்புகளால் தூண்டுவதே இதன் பணி.

சுருக்கமான விடையை முதலிலேயே கூறிவிடலாம். இக்கருவி சிலருக்கு வலியைச் சிறிது நேரம் தணிக்கும். தேய்ந்த மூட்டைச் சீராக்காது. வலி தணிந்த நேரத்தை எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அதனால் நன்மையோ தீமையோ விளையும்.

மூட்டுத் தேய்வில் நிகழ்வது என்ன?

தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில், வழுவழுப்பான குருத்தெலும்பு இரு எலும்பு முனைகளையும் போர்த்தியிருக்கிறது. வயது, உடல் எடை, பழைய காயம், பல்லாண்டு காலச் சுமைவேலை, பரம்பரை ஆகிய காரணங்களால் அது மெலிந்து கரடுமுரடாகிறது. குருத்தெலும்பில் வலி உணரும் நரம்புகள் இல்லை. அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சூழ்ந்த உறை, அவ்வுறையின் உட்புறச் சவ்வு ஆகியவற்றிலிருந்தே வலி எழுகிறது. இதனால்தான் எக்ஸ்ரே படத்தில் மிகுந்த தேய்வு தெரியும் ஒருவர் ஓரளவு வலியோடு நடமாடுவதும், சிறிதே தேய்வுள்ள மற்றொருவர் கடும் வலியால் துன்புறுவதும் நிகழ்கின்றன.

இந்நோய் அரிதானது அன்று. இந்தியாவின் ஐந்து இடங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் மூட்டுத் தேய்வு இருப்பதைக் கண்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது மிகுதியாக இருந்தது.

வலியால் நடமாட்டம் குறையும்போது தொடையின் முன்தசை நலிவடைகிறது. நடக்கும்போது முழங்காலின் அதிர்ச்சியைப் பெருமளவு தாங்குவது அத்தசையே. அது நலிந்தால் மூட்டின் மீது சுமை கூடி, வலி மேலும் பெருகுகிறது. இச்சுழலை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம்.

மின்தூண்டல் வலியைத் தணிப்பது எவ்வாறு?

மின்சாரத்தால் வலியை மரக்கச் செய்யலாம் என்பது பழைய அறிவு. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டு மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கால்மூட்டு வாதத்துக்கு ஒரு விந்தையான முறையை எழுதிவைத்தார். நோயாளி அலை நனைக்கும் கடற்கரையில் நின்று, மின்னதிர்ச்சி தரும் திருக்கை வகை மீனொன்றை உயிரோடு காலடியில் வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும் மட்டும் அதன்மீது நிற்க வேண்டும் என்பது அது. திருக்கை மீனை நன்கறிந்த நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கான அறிவியல் விளக்கம் 1965-இல் கிடைத்தது. ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இரு ஆய்வாளர்கள் ‘வாயில் கட்டுப்பாடு’ என்னும் கொள்கையை வெளியிட்டனர். அடிபட்ட இடத்தை நாம் உடனே கையால் தேய்த்துவிடுகிறோம், சற்றே இதமாகிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பிழைகளின் செய்தி முதுகுத்தண்டிலேயே ஓரளவு தடுக்கப்படுகிறது என்பதே அவர்கள் தந்த விளக்கம். முதுகுத்தண்டில் ஒரு வாயில் இருப்பதாகவும், தொடுவுணர்வு மிகும்போது அது வலிக்கு ஒருக்களித்து மூடுவதாகவும் கொள்ளலாம். கருவியின் சிறு மின்துடிப்புகள் இத்தடித்த இழைகளையே தூண்டுகின்றன. மெதுவான துடிப்புகளைச் சற்று வலுவாகச் செலுத்தும்போது, உடல் தானே சுரக்கும் வலிநீக்கிப் பொருள்களும் வெளிப்படுவதாகப் பின்னர் அறியப்பட்டது.

வாலும் வில்லியம் சுவீட் என்னும் மருத்துவரும் 1967-இல் நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனிதரில் வலி ‘தற்காலிகமாக’ நீங்குவது பற்றியது என்று அதன் தலைப்பே கூறியது. இச்சிகிச்சையின் ஆற்றலும் எல்லையும் அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளன.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இக்கருவியைப் பற்றி விற்பனையாளர் கூறுவதும் ஆய்வுகள் கூறுவதும் ஒன்றல்ல. நோயாளிகள் உண்மை நிலையை அறிந்திருத்தல் நல்லது.

முழங்கால் தேய்வுக்கு மின்தூண்டலைச் சோதித்த 18 ஆய்வுகளை, மொத்தம் 813 நோயாளிகளின் விவரங்களை, காக்ரேன் அமைப்பு 2009-இல் தொகுத்து ஆராய்ந்தது. அவ்வாய்வுகள் சிறியனவாகவும் குறைபாடுடையனவாகவும் இருந்தமையால், பலன் உண்டென்று உறுதிசெய்ய இயலவில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் 220 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உண்மையான கருவியும், மற்றொரு பிரிவினருக்கு மின்தூண்டல் தராத போலிக் கருவியும் அளிக்கப்பட்டன. இரு பிரிவினருக்கும் வலி குறைந்தது. ஆனால் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கவனிப்பும் நம்பிக்கையும் ஓய்வும்கூட வலியைக் குறைக்க வல்லவை என்பதையே இது காட்டுகிறது.

மறுபுறம், பலவகை வலிகளுக்காக நடந்த 381 ஆய்வுகளை ஒருசேர நோக்கிய மற்றொரு தொகுப்பும் அதே ஆண்டில் வெளிவந்தது. கருவி இயங்கும்போதும் நிறுத்திய உடனும் வலி குறைவாக இருக்கிறது என்று அது கண்டது. நீண்ட காலப் பலனை அது காட்டவில்லை.

அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், மூட்டுத் தேய்வுக்கு இக்கருவியை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அவ்விரண்டும் முதலிடம் தருவது உடற்பயிற்சிக்கும், எடை மிகுந்தோர்க்கு எடைக் குறைப்புக்குமே.

அப்படியாயின் இக்கருவி பயனற்றதா? முழுவதும் அவ்வாறு கூறிவிட முடியாது. தகுதியானவர்களுக்கு இது பெரிதும் தீங்கற்றது. வலியால் காலை அசைக்கவே அஞ்சும் ஒருவருக்கு, இது தரும் அரைமணி நேர இதம் பயிற்சியைத் தொடங்கும் துணிவைத் தரலாம். அந்த அளவுக்குள் வைத்தே இதை மதிப்பிட வேண்டும்.

உப்பளத் தொழிலாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வலி தணிந்த நேரத்தில் சுமை தூக்குதல். காலையில் கருவியை வைத்து வலியை அடக்கிக்கொண்டு, அந்தத் தெம்பில் வழக்கத்தைவிடக் கூடுதல் கூடைகளைச் சுமப்பது மூட்டுக்கு நல்லதன்று. வலி ஓர் எச்சரிக்கை. அது ஒலிக்காத நேரத்தில் சுமையும் தேய்வும் குறைந்துவிடுவதில்லை. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் விசை ஏறத்தாழ 4 கிலோ அளவுக்குக் குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இதிலிருந்து தலைச்சுமை முழங்காலுக்கு எத்தகைய பாரம் என்பதை உணரலாம். ஒருமுறை சுமக்கும் அளவைக் குறைத்து நடையைக் கூட்டுவதும், தள்ளுவண்டி செல்லும் கரையில் அதைப் பயன்படுத்துவதும், வாருதலையும் சுமத்தலையும் ஆள் மாற்றிச் செய்வதும் கருவியைவிட மிகுந்த பலன் தரும்.

இரண்டாவது, தோல். உப்புநீரில் நாள்தோறும் நிற்போரின் கால்களில் வெடிப்பும் கீறலும் புண்ணும் பெரும்பாலும் இருக்கும். புண்ணின் மீதோ வெடித்த தோலின் மீதோ மின்பட்டையை ஒட்டினால் எரிச்சலும் காயமும் ஏற்படும். வேலை முடிந்து, கால்களை நல்ல நீரில் கழுவி, முற்றும் துடைத்துக் காயவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். அளத்தில் நின்றபடி ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

மூன்றாவது, உணர்வு. நீரிழிவு நோயால் பலருக்குக் கால்களில் உணர்வு மங்கியிருக்கிறது. உணர்வு குன்றிய இடத்தில் மின்னளவை மிகையாக வைத்தாலும் தெரியாது, தோல் புண்ணாகக்கூடும். ஆகவே முதல் முறை பயன்படுத்தும் முன், இயன்முறை மருத்துவர் முழங்காலைச் சுற்றித் தொடுவுணர்வையும் கூர்மை உணர்வையும் சோதித்தல் கட்டாயம்.

நான்காவது, வலி மாத்திரை. இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. டைக்குளோஃபெனாக், அசிக்குளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கக் கூடியவை. வெயிலில் வியர்த்து உடலின் நீர் வற்றியிருக்கும்போது அவற்றை விழுங்குவது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. தமிழக உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வெப்ப வரம்பை மீறிய சூழலில் உழைப்பதையும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குன்றியிருப்பதையும் கண்டது. மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி, வேலைக்குப் போகும் முன் நாள்தோறும் விழுங்கும் வழக்கத்தை அன்புகூர்ந்து கைவிடுங்கள். வலிக்குக் களிம்பு, வேறு மாத்திரை, ஒத்தடம், பயிற்சி என்று வழிகள் உள்ளன. எது தமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிக. மாத்திரையைக் குறைக்க இக்கருவி ஒருவருக்கு உண்மையாகவே உதவுமாயின், அது மதிக்கத்தக்க பயனே.

யார் பயன்படுத்தக் கூடாது?

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் போன்ற மின்கருவிகள் உடலில் பொருத்தப்பட்டவர்கள் இதனைப் பயன்படுத்தக் கூடாது. வலிப்பு நோயுள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயன்படுத்தலாகாது. காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்திருப்பவர்கள், அவ்விடத்தில் புற்றுநோய் அல்லது தொற்று உள்ளவர்கள், உணர்வு முற்றும் இழந்தவர்கள் ஆகியோரும் தவிர்க்க வேண்டும். கழுத்தின் முன்புறத்திலும், கண்களின் மீதும், தலையிலும், மார்பின் குறுக்கேயும் எவரும் பட்டைகளை ஒட்டக் கூடாது. முழங்காலுக்காக வாங்கிய கருவியை வீட்டிலுள்ள மற்றவர் தம் கழுத்து வலிக்கு எடுத்து வைப்பது ஆபத்தை விளைவிக்கும்.

பயன்படுத்தும் முறை

நாற்காலியிலோ கட்டிலிலோ வசதியாக அமர்ந்து, காலை நீட்டி, முழங்காலின் கீழ் ஒரு துணிச்சுருளை வைத்துக்கொள்ளுங்கள். கருவி அணைந்திருக்கும் நிலையில் நான்கு பட்டைகளை, முழங்கால் சில்லின் மேற்புறம் இரண்டும் கீழ்ப்புறம் இரண்டுமாக, இரு பக்கங்களிலும் ஒட்ட வேண்டும். சில்லின் மீதே ஒட்டலாகாது. பட்டைகள் ஒன்றையொன்று தொடவும் கூடாது.

பெரும்பாலும் நொடிக்கு 80 முதல் 100 துடிப்புகள் என்னும் வேகத்தில் இக்கருவி வைக்கப்படுகிறது. மின்னளவைச் சுழியிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டுக. ‘குறுகுறு’ என்னும் உணர்வு வலுவாகவும் அதே வேளையில் துன்பமின்றியும் இருக்கும் நிலையே சரியான அளவு. மிகக் குறைவாக வைத்தால் பலன் இராது. கூடுதலாக வைத்தால் மிகுந்த பலன் கிட்டும் என்பதும் தவறு. சில நிமிடங்களில் உணர்வு மங்கினால் இன்னும் சற்றே கூட்டலாம். 20 முதல் 40 நிமிடங்கள் போதுமானவை.

கருவி இயங்கும்போது உறங்குவதும், குளிப்பதும், இருசக்கர வாகனம் ஓட்டுவதும் கூடா. முடிந்ததும் முதலில் கருவியை அணைத்து, பிறகே பட்டைகளை எடுக்க வேண்டும். தோல் சற்றே சிவந்து விரைவில் மறைவது இயல்பு. சிவப்பு நீடித்தாலோ கொப்புளம் எழுந்தாலோ நிறுத்திவிட்டு எங்களிடம் வருக. வலிக்களிம்பு தடவிய இடத்தில் பட்டையை ஒட்டாதீர்கள். ஒட்டுந்தன்மை இழந்த பட்டைகளை மாற்றுவதும், ஒருவர் பட்டைகளை மற்றவர் பயன்படுத்தாமையும் அவசியம்.

இதம் கிடைத்த பின் செய்ய வேண்டியவை

வலி தணிந்திருக்கும் நேரமே பயிற்சிக்கு உகந்த நேரம். கீழ்க்காணும் மூன்றும் எளியவை.

ஒன்று: காலை நீட்டி அமர்ந்து, முழங்காலின் கீழுள்ள துணிச்சுருளைக் காலால் கீழ்நோக்கி அழுத்துக. தொடையின் முன்தசை இறுகுவதை உணரலாம். ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து தளர்த்துக. இவ்வாறு பத்து முறை.

இரண்டு: மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிவைத்து, மற்றதை நேராக நீட்டியபடி ஒரு சாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி மெல்ல இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை.

மூன்று: சுவரோரம் வைத்த உறுதியான நாற்காலியிலிருந்து, இயன்றவரை கையூன்றாமல் எழுந்து மெல்ல அமர்க. ஐந்து முறையில் தொடங்கி நாளடைவில் பத்தாக உயர்த்துக.

பயிற்சியின்போது சிறிதளவு வலி இருப்பது தீங்கன்று. மறுநாள் காலைவரை வலி மிகுந்தே இருந்தால், எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். மழைக்காலத்தில் அளங்கள் ஓய்ந்திருக்கும் மாதங்கள், மூட்டுக்கு ஓய்வும் தசைக்கு வலுவும் சேர்க்க வாய்த்த பருவம். அப்போது தொடங்கியவர்கள் தை மாதத்தில் கூடுதல் உறுதியோடு பாத்தியில் இறங்கலாம்.

மருத்துவமனைக்கு வர இயலாத முதியோர்க்கு, 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை பெற வாய்ப்புண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவுசெய்து கேட்டறியலாம்.

கருவி வாங்குவதற்கு முன்

ஒரு கருவியின் விலை பல நாள் கூலிக்கு ஈடாகலாம். பட்டைகளை மாற்றும் செலவும் தொடர்ந்து வரும். கடன்பட்டு வாங்கத் தக்க பொருள் அன்று இது. ‘தேய்ந்த எலும்பை வளர்க்கும்’, ‘அறுவை சிகிச்சை தேவைப்படாது’ என்று கூறி விற்பவரிடம் வாங்காதீர்கள். அவ்வாறு செய்யும் ஆற்றல் இக்கருவிக்கு இல்லை. முதலில் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் சில முறை பயன்படுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் வலியைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட்டு, ஒரு தாளில் குறித்துவையுங்கள். அன்று எத்தனை நிமிடம் நடக்க முடிந்தது என்பதையும் உடன் குறியுங்கள். எண்ணிக்கை தெளிவாகக் குறையாவிட்டால் வாங்குவதற்குக் காரணமில்லை. அப்பணம் நல்ல காலணிக்கோ ஊன்றுகோலுக்கோ சத்தான உணவுக்கோ பயன்படட்டும்.

உடனே மருத்துவரிடம் வர வேண்டிய அறிகுறிகள்

மூட்டு திடீரென வீங்கிச் சூடாதல், அதனோடு காய்ச்சல், காலை மடக்கவோ நீட்டவோ இயலாமல் மூட்டு பூட்டிக்கொள்ளுதல், விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை, கெண்டைக்கால் வீங்கி வலித்தல், இரவில் ஓய்விலும் தணியாத வலி ஆகியவை சாதாரணத் தேய்வின் அறிகுறிகள் அல்ல. இந்நிலையில் மின்தூண்டலை நாடிக் காலம் தாழ்த்தலாகாது.

பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவற்றுக்குப் பின்னும் அன்றாட வாழ்வு முடங்குமாயின், மூட்டு மாற்று அறுவை குறித்து எலும்பு மருத்துவரிடம் கலந்து பேசலாம். அதற்கான உதவி கிடைக்குமா என்பதை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் குடும்ப அட்டையைக் காட்டிக் கேட்டறிக.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டின் பெரியவர் வலியைப் பொறுத்துக்கொண்டு வேலைக்குச் செல்வதை வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அவர் நாள்தோறும் எத்தனை மாத்திரை விழுங்குகிறார், எவ்வளவு நீர் அருந்துகிறார், பயிற்சியைச் செய்கிறாரா என்று கேளுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளையும் வலி குறித்த தாளையும் எடுத்துவாருங்கள். கருவி தேவையா இல்லையா என்பதை அவற்றைப் பார்த்து, உடன் அமர்ந்தே முடிவுசெய்யலாம்.